ஒரு கிட்டார், இரண்டு குரல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சோலோ வாசிக்கும்போதே இரண்டாவது கிட்டாரையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள். தந்தி மாற்றுவது, ஆம்ப் வாங்குவது பற்றியெல்லாம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் சிங்கப்பூர் வட்டாரப் பெயர் மட்டும்.

கேள்வி: அக்கா, தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால்தான் கிட்டாரைத் தொட முடிகிறது. புதிதாக வாங்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில், சுரத்தின் உயரத்தை மாற்றும் பிட்ச் ஷிஃப்டரை +4 என்று வைத்து சி மேஜரில் வாசித்தேன். முதல் சுரம் அருமை, அடுத்த சுரம் நாராசம். பெட்டி பழுதா? – உட்லண்ட்ஸ்

பதில்: பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறது, அதுதான் சிக்கல். +4 என்றால் எந்தச் சுரம் வந்தாலும் அதற்கு நான்கு அரைச்சுரம் (கிட்டாரில் நான்கு கட்டம்) மேலே ஒன்றைச் சேர்க்கும். சி வாசித்தால் இ வரும், இனிமை. டி வாசித்தால் எஃப் ஷார்ப் வரும். சி டி இ எஃப் ஜி ஏ பி என்று போகும் சி மேஜரில் எஃப் ஷார்ப்புக்கு என்ன வேலை?

சி மேஜரில் ஒவ்வொரு சுரத்துக்கும், அதையே ஒன்று என்று வைத்து, மூன்றாவது சுரத்தை எண்ணிப் பாருங்கள். சி, எஃப், ஜி மூன்றுக்கும் தூரம் நான்கு அரைச்சுரம். டி, இ, ஏ, பி நான்குக்கும் மூன்றுதான். ஆகவே ஹார்மனி, அதாவது கூடவே வரும் இரண்டாவது குரல், ஒரே தூரத்தில் ஓட முடியாது, சுரத்துக்குச் சுரம் கூடிக் குறைய வேண்டும். அதைச் செய்ய, பாட்டு எந்த கீயில், அதாவது எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஸ்கேலில், இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். 1975இல் ஈவன்டைட் நிறுவனம் விற்ற எச்910, ஒலியின் உயரத்தை மாற்றித் தரும் டிஜிட்டல் பெட்டிகளில் முன்னோடி. அதற்குக் கீ தெரியாது, நீங்கள் வைத்த தூரம்தான் தெரியும். கீ சொன்னால் புரிந்துகொள்ளும் பெட்டிகள் 1980களின் பிற்பகுதியில்தான் வந்தன.

உங்கள் மெனுவில் பிட்ச் ஷிஃப்டருக்குப் பக்கத்திலேயே ஹார்மனிஸ்ட் என்றோ ஹார்மனி என்றோ இன்னொன்று இருக்கும். அதைத் திறங்கள். கீ சி, இடைவெளி +3ஆம் சுரம் என்று வையுங்கள். இங்கே 3 என்பது அரைச்சுரக் கணக்கு இல்லை, ஸ்கேலில் மூன்றாவது சுரம். ஏ மைனர் பாட்டாக இருந்து, பெட்டியில் மைனர் கீ தனியாக இல்லையென்றால் அதே சி மேஜரை வைத்தால் போதும். இரண்டுக்கும் சுரங்கள் ஒன்றே.

இன்னொன்று. கிட்டாரையே அரைச்சுரம் இறக்கி ட்யூன் செய்து வைத்திருக்கிறீர்களா? பெட்டி உங்கள் விரலைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறது. சி பிடித்தால் பி ஒலிக்கிறது என்றால் கீயும் பி.

கேள்வி: எங்கள் இன்னிசைக் குழு சமூக மன்ற நிகழ்ச்சிகளில் வாசிக்கிறது. மோகனத்தில் ஒரு சின்ன சோலோ எனக்கு. சி மேஜர், +3 என்று வைத்தால் இரண்டு இடங்களில் ராகத்தில் இல்லாத சுரம் வருகிறது. வயலின் வாசிக்கும் அண்ணன் முறைக்கிறார். கல்யாணிக்கு எந்த கீ வைப்பது என்பதும் புரியவில்லை. – தெம்பனிஸ்

பதில்: வயலின்காரர் முறைப்பது நியாயம்தான். கல்யாணி சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம்.

பெட்டியின் கீ மெனுவைப் பார்த்து நம் ஆட்கள் மிரளுகிறார்கள். அது வேறொன்றுமில்லை, கிரக பேதம். சங்கராபரணத்தின் மத்யமத்தை ஷட்ஜமாக வைத்தால் கல்யாணி என்று படித்திருப்பீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்: கல்யாணியின் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணம், அதாவது மேஜர். ஒரு கட்டையில், சி சுருதியில், கல்யாணி வாசித்தால் பஞ்சமம் ஜி. ஆகவே பெட்டியில் ஜி மேஜர் வையுங்கள். எஃப் ஷார்ப் தானாக உள்ளே வந்துவிடும், நீங்கள் பாட்டுக்கு சியில் நின்று கல்யாணி வாசிக்கலாம். இதே கணக்கில் அரிகாம்போதிக்கு மத்யமத்தின் கீ, சி சுருதிக்கு எஃப் மேஜர். கரகரப்பிரியாவுக்கு நிஷாதத்தின் கீ, பி ஃபிளாட். நடபைரவிக்குக் காந்தாரம், இ ஃபிளாட். தோடிக்குத் தைவதம், ஏ ஃபிளாட். தோடியில் இந்தப் பெட்டியைப் போடத்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம், கீழே இன்னொருவர் கமகம் பற்றிக் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன். கீரவாணிக்கு ஹார்மோனிக் மைனர் என்று ஒரு ஸ்கேல் உங்கள் பெட்டியில் இருந்தால் அது போதும். மாயாமாளவகௌளைக்கு இந்த வித்தை எதுவும் ஒத்துவராது, ஏனென்றால் எந்த மேஜர் கீயும் அந்தச் சுரங்களைத் தராது.

இப்போது மோகனம். ச ரி க ப த, சி சுருதியில் சி டி இ ஜி ஏ. பெட்டியோ ஏழு சுரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு எண்ணுகிறது. ச-வுக்கு க, சரி. க-வுக்கு ப, சரி. த-வுக்கு மேல் ச, சரி. ஆனால் ரி-க்கு மத்யமம், ப-வுக்கு நிஷாதம். உங்கள் இரண்டு இடங்கள் இவைதான். பெட்டிக்கு மோகனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

வழி இரண்டு உண்டு. பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிடி வரிசைப் பெட்டிகள் போல யூசர் ஸ்கேல் இருக்கிற பெட்டி என்றால், எந்தச் சுரம் உள்ளே போனால் எது வெளியே வர வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். மோகனத்துக்குள்ளேயே ஒரு சுரம் தாண்டி அடுத்ததை எடுங்கள்: ச-வுக்கு க, ரி-க்கு ப, க-வுக்கு த, ப-வுக்கு மேல் ச, த-வுக்கு மேல் ரி. பன்னிரண்டு வரிசை கேட்கும். ராகத்தில் வராத ஏழையும் பக்கத்துச் சுரத்தின் ஜோடிக்கே போகும்படி வைத்துவிடுங்கள், விரல் தவறினாலும் மானம் போகாது.

யூசர் ஸ்கேல் இல்லாத பெட்டி என்றால் இரண்டாவது வழி. மேலே நான் எழுதிய ஜோடிகளின் தூரத்தை எண்ணிப் பாருங்கள். ரி–ப ஐந்து அரைச்சுரம். க–த ஐந்து. ப–ச ஐந்து. த–ரி ஐந்து. ச–க மட்டும் நான்கு. ஆகவே கீயே வேண்டாம், சாதாரணப் பிட்ச் ஷிஃப்டரில் +5 வைத்தால் மோகனத்தின் ஐந்தில் நான்கு சுரம் சுத்தமாக வரும். ஷட்ஜமம் மட்டும் மத்யமத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அதனால் சோலோவின் வரிகளைப் பஞ்சமத்தைச் சுற்றி அமைத்துக்கொண்டு, கடைசியில் ஷட்ஜமத்தில் இறங்குவதற்கு ஒரு சுரம் முன்னால் பெடலை மிதித்து அணைத்துவிடுங்கள். இரண்டு குரலாக ஓடி வந்து ஷட்ஜமத்தில் ஒரே குரலாக நிற்கும். கேட்பவர்களுக்கு அது திட்டமிட்டுச் செய்ததாகத்தான் தோன்றும். எனக்கு யூசர் ஸ்கேலைவிட இதுதான் பிடிக்கும். நான்காம் சுர ஜோடியில் ஒரு வெறுமை இருக்கிறது, மூன்றாம் சுரத்தின் சர்க்கரை இல்லை, மோகனத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

கேள்வி: ஹார்மனி போட்டு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றினால் கூழாகிவிடுகிறது. தடித்த தந்திகளில் வாசித்தால் தொண்டை கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வேறு. – செங்காங்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

கூழுக்குக் காரணம் வரிசை. ஹார்மனியை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு சுரமும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக முளைக்கும். 440 ஹெர்ட்ஸ் ஏ, அதற்கு மேலே 554 ஹெர்ட்ஸ் சி ஷார்ப் என்று வையுங்கள். கழித்தால் 114. தாழ்ந்த ஏ 110. அதற்குச் சற்று மேலே, சுருதி சேராமல் ஒரு உறுமல் அடியில் ஓடும். நீங்கள் கேட்கும் கூழில் அதற்குப் பெரிய பங்கு. பெட்டிக்குள் வரிசையை மாற்றுங்கள்: நாய்ஸ் கேட், கம்ப்ரெஸர், டிஸ்டார்ஷன், ஆம்ப் மாடல், அதற்கப்புறம் ஹார்மனி, கடைசியில் ஒலியைத் தாமதித்துத் திருப்பும் டிலே, அறை முழக்கம் தரும் ரிவர்ப். இப்போது ஏற்கெனவே கரகரத்த ஒரு குரலை எடுத்து இன்னொரு கரகரப்புக் குரல் உருவாகிறது, இரண்டு பேர் தனித்தனி ஆம்பில் வாசிப்பது போல. ரிவர்பை மட்டும் எக்காரணம் கொண்டும் ஹார்மனிக்கு முன்னால் வைக்காதீர்கள். போன சுரத்தின் வால் இந்தச் சுரத்தின் மேல் படிந்து பெட்டி குழம்பிவிடும்.

கொப்பளிப்பு, பெட்டி சுரத்தை அடையாளம் காணத் திணறும் சத்தம். எந்தச் சுரம் என்று தெரிய, குறைந்தது ஓர் அலையாவது முழுதாக அதன் கண்ணில் பட வேண்டும். தடித்த இ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கே 12 மில்லிசெகண்ட். மெல்லிய இ தந்தி 330 ஹெர்ட்ஸ், 3 மில்லிசெகண்ட். எந்த நிறுவனம் என்ன விலைக்கு விற்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ஹார்மனிப் பகுதியை மெல்லிய மூன்று தந்திகளுக்கு நகர்த்துங்கள். கிட்டாரின் கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்புக்கு மாற்றி, டோனைச் சற்றுக் குறையுங்கள். முக்கியமாக, வாசிக்காத தந்திகளை வலது உள்ளங்கையால் அமுக்குங்கள். பக்கத்துத் தந்தி லேசாக முனகினாலும், நம் காதுக்குக் கேட்காவிட்டாலும், பெட்டிக்குக் கேட்கும்.

கேள்வி: வீணையும் கற்கிறேன், கிட்டாரும் வாசிக்கிறேன். கிட்டாரில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுத்தால் ஹார்மனி வெட்டி வெட்டிக் குதிக்கிறது. சில இழுப்புகளில் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஏன்? – பொங்கோல்

பதில்: ‘சில இழுப்புகளில் மட்டும்’ என்று கவனித்தீர்களே, பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

உட்லண்ட்ஸ் தம்பிக்குச் சொன்ன நான்கு, மூன்று கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டியிலிருந்து இ-க்கு இழுக்கிறீர்கள். டிக்கும் மூன்று அரைச்சுரம், இ-க்கும் மூன்று. தூரம் மாறவில்லை, ஆகவே ஹார்மனியும் உங்களோடு வழுக்கிக்கொண்டே ஏறும். எஃப்பிலிருந்து ஜி-க்கும் அப்படியே, நான்கும் நான்கும். ஏ-யிலிருந்து பி-க்கும் சரி. ஆனால் சியிலிருந்து டிக்கு இழுத்தால் நான்கு மூன்றாக வேண்டும். வழியில் எங்கோ ஓர் இடத்தில் பெட்டி மனம் மாற்றிக்கொள்கிறது, அந்த இடத்தில்தான் வெட்டு. ஜி–ஏ, இ–எஃப், பி–சி இவற்றிலும் அதே கதை. சுரப் பெயரில் சொன்னால் சங்கராபரணத்தில் ரி–க, ம–ப, த–நி இழுப்புகள் பத்திரம். மற்ற இடங்களில் இழுக்காமல், அடுத்த சுரத்தை விரலால் தட்டி (ஹேமர்) ஏறுங்கள்.

மேலே மோகனத்துக்குச் சொன்ன +5 வழிக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. தூரம் மாறுவதே இல்லை என்பதால் ரி–க, ப–த இரண்டு இழுப்பும் எண்ணெய் போட்டது போல் ஓடும்.

அகலமான கம்பித கமகம் என்றால் பெட்டியை அணைத்துவிடுங்கள். சுரத்துக்கு மேலும் கீழும் கால் சுரத்தைத் தாண்டி ஆடினாலே, இது எந்தச் சுரம் என்று அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக முடிவெடுக்கும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுப்பது வீண் வேலை. அந்த ராகத்துக்கு இன்னொரு குரல் தேவையும் இல்லை என்பது என் கட்சி. வீணை கற்பவர், உங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: மேடையில் பாட்டு தொடங்கும் நேரத்தில் பாடகி திரும்பி, “அண்ணே, அரைக்கட்டை இறக்கிடுங்க” என்கிறார். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரிக்கிறார். பெட்டியில் நான் சேமித்து வைத்த ஹார்மனி பேட்ச் என்ன ஆவது? – அங் மோ கியோ

பதில்: கீபோர்டுக்காரர்கள் எப்போதும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஒரே ஹார்மனி பேட்ச்சைப் பன்னிரண்டு கீயில் நகலெடுத்து, கட்டை வரிசையில் அடுக்கிச் சேமித்துவிடுங்கள். ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றரைக் கட்டை கிடையாது என்பதை மறக்காதீர்கள். நான்கிலிருந்து அரைக்கட்டை இறங்கினால் மூன்று. இப்படி அடுக்கிவிட்டால் ‘அரைக்கட்டை இறக்கு’ என்பது காலால் கீழ்ப் பட்டனை ஒரு தடவை மிதிப்பதுதான். கல்யாணி, கரகரப்பிரியா எதுவானாலும் இதே மிதி செல்லும், எல்லாமே ஒன்றாகத்தானே இறங்குகின்றன.

டிரான்ஸ்போஸ் தட்டிய கீபோர்டுக்காரரிடம் “என்ன கீ?” என்று கேட்காதீர்கள். அவர் விரல் இருக்கும் இடத்தைச் சொல்வார். சுருதி என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. ஹார்மனி பெடல் வேண்டும் என்று நச்சரிக்கிறான். ஏற்கெனவே டிலே பெடல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இன்னொருவர் வாசிக்க வேண்டியதை இயந்திரம் வாசிப்பது ஏமாற்று வேலை இல்லையா? – சுவா சூ காங்

பதில்: ஏமாற்று இல்லை ஐயா. பெட்டிக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் அது எவ்வளவு அசிங்கமாக ஒலிக்கும் என்று மேலே நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இப்போதே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரயன் மே 1970களில் மேடையில் ஒற்றை ஆளாக ஹார்மனி வாசித்தது டிலேயை வைத்துத்தான். ஒரு வரி வாசிப்பார், அது திரும்பி வரும்போது அதன் மேல் ஜோடி வரியை வாசிப்பார். உங்கள் மகனிடம் இருக்கும் பெடல் ஒரு வினாடி வரை தாமதம் தருமா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு வினாடி என்றால் சரியாக இரண்டு தட்டு. திரும்பி வருவது ஒரே ஒரு முறை, அதன் ஒலி அளவு மூலத்துக்குச் சமம் என்று வைக்கச் சொல்லுங்கள். ச ரி என்று இரண்டு தட்டுக்கு வாசித்து, அது திரும்பும்போது க ம வாசிக்கட்டும். எந்தச் சுரத்துக்கு எது ஜோடி என்று அவனே தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். இழுப்பு, கமகம் எல்லாம் வெட்டில்லாமல் வரும், வாசிப்பது அவன் விரல்தானே. பிழை வந்தாலும் அவனுடைய பிழை.

அதில் தேறிய பிறகும் கேட்டால், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் அவனையும் அவனுடைய கிட்டாரையும் கூட்டிக்கொண்டு போய், கடையிலேயே வாசித்துப் பார்த்து வாங்குங்கள். கரூசெல் செயலியில் பழையது மலிவாகக் கிடைக்கும். விற்பவரிடம் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அதற்குத் தனியாக அலைய வேண்டும். பாஸ் பெடல் என்றால் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். திருப்பிப் போட்டால் பெடல் காலியாகிவிடலாம்.

கேள்வி: உறவினர் திருமணத்தில் சோலோ முழுக்க ஹார்மனியோடு வாசித்தேன். சாப்பிடும்போது ஒருவர், “கீபோர்டு யாருப்பா, நல்லா வாசிச்சாரு” என்றார். – ஈசூன்

பதில்: சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். முழுக்கப் போட்டதுதான் காரணம். முதல் எட்டு பார் (தாளச் சுற்று) தனியாக வாசியுங்கள், உச்சத்துக்குப் போகும் நான்கு பாரில் மட்டும் இரண்டாவது குரல் வரட்டும், அப்புறம் அணைத்துவிடுங்கள்.

இரண்டு மனிதர்கள் ஒருபோதும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக மீட்ட மாட்டார்கள். ஹார்மனியின் ப்ரீ-டிலேயை, அதாவது அது தாமதித்து வரும் நேரத்தை, 15 மில்லிசெகண்ட் அளவுக்கு வையுங்கள். ஒலி அளவை மூலக் குரலைவிட ஒரு படி குறையுங்கள், கேட்டும் கேட்காமலும் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஸ்டீரியோ வசதி உள்ள இடம் என்றால் இரண்டையும் இடம் வலமாகப் பிரித்துவிடலாம். ஆனால் திருமண மண்டபங்களில் பெரும்பாலும் மோனோதான் போகும், அங்கே பிரித்தால் ஏதாவது ஒரு குரல் காணாமல் போகும். ஒலிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. இரவில்தான் நேரம் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் ஹார்மனி பழக முடியுமா? – புக்கிட் பாத்தோக்

பதில்: தாராளமாக. சொல்லப்போனால் ஹெட்ஃபோனில்தான் நன்றாகப் பழக வரும். ஸ்பீக்கர் பெட்டி ஒலிப்பது போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காதில் கொசு பாடும். மூலக் குரலை இடது காதுக்கும் ஹார்மனியை வலது காதுக்கும் அனுப்பிவிட்டு, ஸ்கேலை ஒவ்வொரு சுரமாக மெதுவாக ஏறுங்கள். வலது காதில் வரப்போகும் சுரத்தை அது வருவதற்கு முன்னால் வாய்க்குள் முனகிப் பாருங்கள். தம்புராவை ஃபோனிலிருந்து பெட்டியின் ஆக்ஸ் (வெளி ஒலிக்கான துளை) வழியாகக் கொடுத்தால் சுருதியும் கூடவே நிற்கும். வெறும் பிக் தந்தியில் படும் டிக் டிக் சத்தம் குழந்தையை எழுப்பாது, உங்கள் வீட்டுக்காரரைத்தான் எழுப்பும். அதற்கு என்னிடம் பெடல் இல்லை.

அடுத்த இதழில் தந்தி மாற்றுவது. நம் ஊர் ஈரக் காற்றில் தந்தி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று புலம்பியவர்கள், எந்தத் தந்தி போட்டிருக்கிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.